புள்ளிக்குள் இருக்கும் முகம்



ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டார். அழுகை ஓய்வதற்குள் ஒரு வேலை வந்துவிடுகிறது. போட்டோ தேட வேண்டும். மாலை போட ஒரு படம் வேண்டும். தெருவில் ஒட்டும் போஸ்டருக்கு ஒரு படம் வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்குள் பிரேம் போட்டாக வேண்டும்.

பெரியவர் இருந்தவரை தனியாக ஒரு படம் எடுத்துக்கொண்டதில்லை. யாரோ ஒருவருடைய செல்போனில், ஒரு கல்யாணக் கூட்டத்தில், மூன்றாவது வரிசையில் நிற்கிறார். முகம் கடுகளவு தெரிகிறது. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு மகன் ஸ்டுடியோவுக்குப் போகிறான்.

"அண்ணா, எங்கப்பாவ மட்டும் பெரிசாப் போட்டுக் குடுங்க."

"பெரிசாக்கலாம் தம்பி. ஆனா முகம் தெரியாது."

மகனுக்குக் கோபம் வருகிறது. போனில் இரண்டு விரலால் இழுத்தால் பெரிதாகிறதே, இவருக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்று அடுத்த கடைக்குப் போகிறான்.

இன்னொரு வீட்டைப் பார்ப்போம். அங்கே படத்துக்குப் பஞ்சமில்லை. பத்து வருடப் படங்கள் இருக்கின்றன. குழந்தையின் காதுகுத்து, பாட்டியின் அறுபதாம் கல்யாணம், ஊர்த் திருவிழா எல்லாம் ஒரே ஒரு ஹார்டு டிஸ்கில் இருக்கின்றன. ஒரு நாள் அதைக் கம்ப்யூட்டரில் சொருகினால் "டிக்... டிக்..." என்று சத்தம் மட்டும் வருகிறது. படம் வரவில்லை. வீட்டுக்காரர் அதைத் திரும்பத் திரும்பச் சொருகிப் பார்க்கிறார். தட்டிப் பார்க்கிறார். "போச்சு, எல்லாம் போச்சு" என்று உட்கார்ந்துவிடுகிறார்.

முதல் வீட்டில் "கிடைக்கும்" என்று நம்புகிறார்கள். கிடைக்காது. இரண்டாவது வீட்டில் "போச்சு" என்கிறார்கள். பெரும்பாலும் அது போயிருக்காது.

ஏன் இப்படி? முதல் படத்தில் பெரியவரின் முகம் முழுதாகப் பதியவே இல்லை. இல்லாததை எந்த மெஷினாலும் வெளியே எடுக்க முடியாது. இரண்டாவது வீட்டில் படங்கள் எல்லாம் பதிந்து இருக்கின்றன. அவை மறைந்திருக்கின்றன. மறைந்ததை எடுக்க வழி உண்டு. இந்த வேறுபாடு தெரியாததால் மக்கள் பணத்தையும் இழக்கிறார்கள், படத்தையும் இழக்கிறார்கள்.

எத்தனை புள்ளிக் கோலம்?

செல்போன் படம் என்பது புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளிக்கு பிக்சல் என்று பெயர். நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாசலில் ஐந்து புள்ளிக் கோலமும் போடுகிறார்கள், இருபத்தொரு புள்ளிக் கோலமும் போடுகிறார்கள். ஐந்து புள்ளியில் ஒரு சின்னப் பூ வரும். தேர் வேண்டுமென்றால் நிறையப் புள்ளி வேண்டும்.

இப்போது ஐந்து புள்ளிக் கோலத்தைத் தெரு முழுவதும் வருமாறு பெரிதாகப் போடுங்கள். என்ன ஆகும்? புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே இடைவெளி அதிகமாகும். அந்தப் பூ தேராகிவிடாது. படத்தைப் பெரிதாக்குவதும் அப்படித்தான். புள்ளிகள் விலகும், அல்லது புள்ளிகள் பெருக்கும். புதிய செய்தி எதுவும் வராது.

கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்ட முதல் போட்டோ ஒரு குழந்தையின் படம். 1957ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற அறிஞர், பிறந்து மூன்று மாதமே ஆன தன் மகனின் படத்தை அப்படி ஏற்றினார். குறுக்கே 176 புள்ளி, நெடுக்கே 176 புள்ளி. மொத்தம் 30,976 புள்ளிகள். இன்றைய சாதாரண செல்போன் குறுக்கே 4,000, நெடுக்கே 3,000 என்று 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளை வைக்கிறது.

அப்படியானால் கல்யாணப் படத்தில் பெரியவரின் முகம் ஏன் தெரியவில்லை? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

அந்தப் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது படத்தைச் சுருக்கிவிடும். குறுக்கே ஏறத்தாழ 1,600 புள்ளிதான் மிஞ்சும். வரிசையில் 20 பேர் நிற்கிறார்கள். ஆளுக்கு 80 புள்ளி. அதில் தோள், இடைவெளி எல்லாம் போக முகத்துக்கு 40 புள்ளி கிடைத்தால் அதிகம். மகன் கேட்பதோ முகம் மட்டும் 4 அங்குல அகலத்துக்கு வரும் பெரிய படம். 40 புள்ளியை 4 அங்குலத்துக்குப் பங்கிட்டால் அங்குலத்துக்கு 10 புள்ளி. அச்சடித்தால் ஒவ்வொரு புள்ளியும் கடுகைவிடப் பெரிய சதுரமாக நிற்கும். கையில் வைத்துப் பார்க்கும் நல்ல படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்க 150 இருந்தால் போதும். எங்கே 150, எங்கே 10!

முதல் கடைக்காரர் உண்மையைத்தான் சொன்னார்.

சரி, வேறு வழியே இல்லையா? இருக்கிறது. அந்தப் படத்தை எடுத்தவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அவருடைய போனில் சுருக்காத படம் இருக்கலாம். அதை 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பச் சொன்னால் புள்ளி குறையாமல் வரும். அதில் அதே முகத்துக்கு 100 புள்ளி கிடைக்கும். பிரேமையும் சிறிதாக்க வேண்டும். முகம் 1 அங்குல அகலம் வரும்படி அஞ்சலட்டை அளவில் அச்சடித்தால் அங்குலத்துக்கு 100 புள்ளி. அப்பாவைப் பார்த்தால் அடையாளம் தெரியும். சின்னப் படத்தைச் சுற்றி அகலமான அட்டை வைத்துப் பிரேம் போட்டால் பார்வைக்கும் நன்றாக இருக்கும்.

கல்யாண வீட்டாரிடம் கேட்டால் போட்டோக்காரரின் பெயர் கிடைக்கும். அவருடைய கேமராவில் இன்னும் நல்ல படம் இருக்கலாம். பழைய காலத்து ஸ்டுடியோ படம் என்றால் பிலிம் நெகட்டிவ் வைத்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். வீட்டுப் பெட்டியில் பழைய கவர்களுக்குள் நெகட்டிவ் தூங்கிக்கொண்டிருக்கும். வெறும் குப்பை என்று வீசிவிடுகிறோம். அச்சிட்ட படத்தைவிட நெகட்டிவில்தான் செய்தி அதிகம்.

ஒன்றுமே இல்லை, ஒரே ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம்தான் இருக்கிறது என்றாலும் பயப்பட வேண்டாம். அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துச் செல்போனில் படம் பிடிக்கக் கூடாது. பளபளப்பு விழும், கோணல் விழும். ஸ்கேனர் உள்ள கடையில் கொடுத்து அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அந்தச் சின்னப் படத்திலிருந்து குறுக்கே 800க்கு மேல், நெடுக்கே 1,000க்கு மேல் புள்ளி கிடைக்கும். கல்யாணக் கூட்டத்தில் கிடைத்த 40 புள்ளி எங்கே, இது எங்கே!

மெஷின் போடும் ஊகம்

"இப்போதுதான் ஏ.ஐ. வந்துவிட்டதே, மங்கல் படத்தைத் தெளிவாக்கித் தருகிறதே" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். பட்டனைத் தட்டினால் பளிச்சென்று ஒரு முகம் வருகிறது. அது யாருடைய முகம் என்பதுதான் கேள்வி.

முன்பெல்லாம் கம்ப்யூட்டர் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மூன்றாவது புள்ளியை வைக்கும்போது இரண்டின் சராசரியை வைத்தது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல். அதனால் படம் மங்கலாக வந்தது. மங்கல் என்றாலும் அதில் பொய் குறைவு. ஏ.ஐ. வேறு விதம். அது லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியிருக்கிறது. இந்த மாதிரி மங்கல் இருந்தால் இந்த மாதிரிக் கண் இருக்கும் என்று ஊகித்து வரைகிறது.

2020இல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இப்படி ஒரு மென்பொருள் செய்தார்கள். மிகச் சிறிய படத்தைக் கொடுத்தால் 64 மடங்கு பெரிய முகம் வரும். ஒருவர் அதில் முன்னாள் அதிபர் ஒபாமாவின் மங்கல் படத்தைக் கொடுத்தார். வெளியே வந்தது ஒரு வெள்ளைக்காரர் முகம்! ஒபாமாவையே தெரியாத மெஷினுக்கு நம் வீட்டுப் பாட்டியை எப்படித் தெரியும்? பாட்டியின் மூக்குத்தியைக் கறை என்று எண்ணி அழித்துவிடும். கன்னத்து மச்சம் போய்விடும். அம்மைத் தழும்பு போய்விடும். பாட்டியைப் பார்த்தே இராத பேரப்பிள்ளைகள் அந்த முகத்தைத்தான் பாட்டி என்று நம்பி வளர்வார்கள்.

ஏ.ஐ. கொண்டு செய்வது குற்றமில்லை. கீறலை மறைக்க, மங்கிய நிறத்தைச் சரிசெய்ய அது நன்றாக உதவும். ஆனால் செய்த படத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் அந்த மனிதரோடு பழகிய ஒருவரிடம் காட்ட வேண்டும். "இது அவங்கதானா?" என்று கேட்க வேண்டும். அவர் ஒரு நிமிடம் தயங்கினால் அந்தப் படம் வேண்டாம். மங்கலான அப்பா, தெளிவான அந்நியரைவிட மேல். மூலப் படத்தை எந்த நிலையிலும் அழிக்கக் கூடாது. நாளைக்கு இதைவிட நல்ல கருவி வந்தாலும் மூலம் இருந்தால்தான் பயன்.

நிலாவில் ஒரு புள்ளி

ஒரே ஒரு புள்ளியை வைத்து எதுவுமே செய்ய முடியாதா? செய்யலாம். அதற்கு ஒரு தமிழரே சாட்சி. அந்தக் கதை பெங்களூருவில் தொடங்குகிறது.

2019 செப்டம்பர் 7ஆம் தேதி அதிகாலை. பெங்களூரு பீன்யாவில் உள்ள இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையத்தில் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்திரயான்-2 கொண்டுபோன விக்ரம் என்ற கலம் நிலாவில் இறங்கிக்கொண்டிருந்தது. தரையைத் தொடச் சற்று முன்பு தொடர்பு அறுந்துவிட்டது. கலம் விழுந்துவிட்டது. எங்கே விழுந்தது?

அமெரிக்காவின் நாசா அனுப்பிய ஒரு விண்கலம் 2009 முதல் நிலாவைச் சுற்றிப் படம் எடுத்து வருகிறது. அது செப்டம்பர் 17ஆம் தேதி அந்த இடத்தைப் படம் எடுத்தது. நாசா அதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது நிலாத் தரையில் 1.3 மீட்டர். முழு விக்ரமும் இரண்டு புள்ளி அளவுதான் இருக்கும். உடைந்து சிதறினால் ஒரு துண்டு ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். அந்த நேரத்தில் சூரியனும் தாழ இருந்தது. நிழல்கள் நீண்டு கிடந்தன.

சென்னையில் வேலை பார்த்துவந்த மதுரைக்காரர் சண்முக சுப்பிரமணியன் என்ற பொறியாளர் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டார். அவர் அதைப் பெரிதாக்கி அழகுபடுத்தவில்லை. அதே இடத்தின் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தார். புள்ளி புள்ளியாக ஒப்பிட்டார். பழைய படத்தில் இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி புதிய படத்தில் இருந்தது. ஒரே ஒரு புள்ளி. அதை நாசாவுக்கு எழுதினார்.

நாசா உடனே "ஆமாம்" என்று சொல்லிவிடவில்லை. அக்டோபரிலும் நவம்பரிலும் மறுபடி படம் எடுத்தார்கள். நவம்பர் படத்தில் வெளிச்சம் நன்றாக இருந்தது. ஒரு புள்ளி 0.7 மீட்டராகக் குறைந்தது. அப்போது விழுந்த இடத்துப் பள்ளமும் சிதறிய துண்டுகளும் தெரிந்தன. பெரிய துண்டுகள் மூன்றும் குறுக்கே 2 புள்ளி, நெடுக்கே 2 புள்ளி. ஒவ்வொன்றின் நிழலும் ஒரு புள்ளி. சண்முக சுப்பிரமணியன் கண்ட துண்டு, விழுந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் வடமேற்கில் கிடந்தது. டிசம்பர் தொடக்கத்தில் நாசா அவருடைய பெயரைச் சொல்லியே அறிவித்தது.

இவ்வளவு பெரிய நாசாவும் மங்கல் படத்தை ஊகித்துத் தெளிவாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மேலும் புள்ளி வேண்டுமென்றால் மேலும் ஒரு படம் எடுத்தார்கள். இறந்துபோன அப்பாவை மறுபடி படம் எடுக்க முடியாது. ஆனால் அவர் நின்ற இன்னொரு படம் எங்கேயோ இருக்கலாம். தேட வேண்டியது அதைத்தான்.

டிஸ்க் ஏன் "டிக் டிக்" என்கிறது?

இனி இரண்டாவது வீட்டுக்குப் போவோம்.

ஹார்டு டிஸ்க் பெட்டிக்குள் கண்ணாடி போல் பளபளக்கும் தட்டு ஒன்றோ சிலவோ இருக்கும். தட்டின் மேல் காந்தப் பூச்சு இருக்கும். படம் அந்தப் பூச்சில் எண்களாகப் பதிகிறது. தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்றுச் சுற்றும். வீட்டு மின்விசிறி வேகமாகச் சுற்றினாலும் நிமிடத்துக்கு முந்நூறு, நானூறு சுற்றுதான். தட்டின் மேல் ஒரு சின்னக் கை போகும், வரும். அதன் நுனியில் ஹெட் இருக்கிறது. அதுதான் எழுதும், படிக்கும். ஹெட் தட்டைத் தொடாது. தலைமுடியின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் காற்றில் மிதக்கும். ஒரு தூசி உள்ளே போனாலும் அதற்குப் பாறாங்கல்தான்.

டிஸ்க் கீழே விழுந்தாலோ, வயதாகிவிட்டாலோ ஹெட் கெட்டுப்போகும். அது தன் இடத்தைத் தேடிப் போகிறது, கிடைக்காமல் திரும்பி வருகிறது, மறுபடி போகிறது. அந்தப் போக்குவரத்தின் சத்தம்தான் "டிக் டிக்". அந்த நேரத்தில் உடைந்த ஹெட் தட்டில் உரசினால் பூச்சு சுரண்டப்படும். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்த படம் அன்றோடு முடிந்தது. அதை யாராலும் மீட்க முடியாது.

அதாவது, டிஸ்க் கெட்டபோது படங்கள் பெரும்பாலும் பத்திரமாக இருந்தன. "இன்னொரு தரம் பார்ப்போம்" என்று பத்துத் தரம் சொருகியதில்தான் அழிந்தன. சத்தம் கேட்டால் உடனே கழற்றிவிட வேண்டும். அவ்வளவுதான் வீட்டில் செய்ய வேண்டிய வைத்தியம். தட்டக் கூடாது. பிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று ஒரு கைவைத்தியம் பரவியிருக்கிறது. குளிர்ந்த தட்டில் வியர்வை பூத்து இன்னும் கெடும்.

எல்லாக் கோளாறும் இவ்வளவு பெரியது அல்ல. சத்தமே இல்லாமல் டிஸ்க் தெரியவில்லை என்றால் ஒயர் கெட்டிருக்கலாம். ஒயரை மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. சில சமயம் படங்களைத் தவறாக அழித்துவிடுவோம், அல்லது மெமரி கார்டை 'பார்மட்' செய்துவிடுவோம். அப்போது என்ன ஆகிறது? ஒரு புத்தகத்தில் பொருளடக்கத்தை மட்டும் கிழித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே பக்கங்கள் இருக்கின்றன. எந்தப் பாடம் எந்தப் பக்கம் என்பதுதான் தெரியவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் அந்தப் பக்கங்களை "காலி" என்று நினைக்கிறது. புதிதாகப் படம் எடுத்தால் பழைய பக்கத்தின் மேல் எழுதிவிடும். ஆகவே தவறு தெரிந்த நொடியே கார்டை வெளியே எடுத்துவிட வேண்டும்.

பொருளடக்கம் இல்லாமல் படத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நம் பெரியவர்கள் கடிதம் எழுதும்போது தலைப்பில் பிள்ளையார் சுழி போடுவார்கள். சுழியைப் பார்த்தால் அங்கே கடிதம் தொடங்குகிறது என்று தெரியும். செல்போன் படங்களில் பெரும்பாலானவை ஜேபெக் என்ற முறையில் பதிகின்றன. அதற்கும் ஒரு சுழி உண்டு. தொடக்கத்தில் 255, 216 என்ற இரண்டு எண்கள் இருக்கும். முடிவில் 255, 217 இருக்கும். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் கார்டு முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை படித்து இந்தச் சுழிகளைத் தேடுகின்றன. சுழி கண்ட இடத்தில் படத்தை எடுக்கின்றன. பெயரும் தேதி வாரியான வரிசையும் போயிருக்கும். துண்டு துண்டாகப் பதிந்த படம் பாதி வந்து, மீதி சாம்பல் நிறமாக நிற்கும். இருந்தாலும் காதுகுத்துப் படம் பாதியாவது கிடைத்தால் போதாதா!

இந்த வழி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. புதுக் கம்ப்யூட்டர்களில் சுற்றும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வருகிறது. அதில் ஒன்றை அழித்தால், டிஸ்கே அந்த இடத்தைச் சிறிது நேரத்தில் உண்மையாகவே துடைத்துவிடும். செல்போனின் உள்நினைவகமும் ஏறக்குறைய அப்படித்தான். போனில் அழித்த படம் பெரும்பாலும் 30 நாள் குப்பைப் பெட்டியில் காத்திருக்கும். முதலில் அங்கே பாருங்கள்.

வானத்திலிருந்து விழுந்த டிஸ்க்

கெட்ட டிஸ்கிலிருந்து எவ்வளவு மீட்க முடியும் என்பதற்கு ஒரு சோகமான சான்று உண்டு. 2003 பிப்ரவரி 1ஆம் தேதி கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்பும்போது வானத்திலேயே உடைந்து சிதறியது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். சிதறலில் கருகிய ஒரு ஹார்டு டிஸ்க் கிடைத்தது. அதில் ஓர் அறிவியல் சோதனையின் விவரங்கள் இருந்தன. மீட்புப் பொறியாளர் ஒருவர் அதைத் திறந்து, தட்டுகளைச் சுத்தம் செய்து, வேறொரு நல்ல டிஸ்கின் உடலில் பொருத்தினார். ஏறக்குறைய எல்லா விவரமும் கிடைத்தது. அந்தச் சோதனையின் முடிவுகள் 2008இல் வெளியாயின. தட்டு வளையாமல் இருந்ததும், விவரங்கள் சிதறாமல் ஒரே தொடராகப் பதிந்திருந்ததும் உதவின. அதே விண்ணோடத்தில் இருந்த வேறு டிஸ்குகளிலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை. ஆகவே எதையும் முன்கூட்டி உறுதி சொல்வதற்கில்லை.

எஸ்.பி. ரோட்டில் கேட்க வேண்டியவை

பெங்களூருவில் டவுன்ஹாலுக்கும் சிட்டி மார்க்கெட்டுக்கும் பக்கத்தில் சாதர் பத்ரப்பா சாலை இருக்கிறது. எஸ்.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். கம்ப்யூட்டர் சாமானுக்கும் ரிப்பேருக்கும் நகரம் முழுவதும் அங்கேதான் போகிறது. வரிசையாகக் கடைகள். திறமைசாலிகளும் உண்டு, அரைகுறைகளும் உண்டு. எப்படித் தெரிந்துகொள்வது?

கடைக்காரர் முதலில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். கீழே விழுந்ததா, சத்தம் வருகிறதா, எத்தனை தரம் போட்டுப் பார்த்தீர்கள் என்று விசாரிக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் சொருகுகிறவர் சரியில்லை. நல்லவர் கெட்டுவரும் டிஸ்கில் நேராக வேலை செய்ய மாட்டார். முதலில் அதன் முழு நகல் ஒன்றை வேறு டிஸ்கில் எடுப்பார். அந்த நகலில்தான் தேடுவார்.

"டிக் டிக்" டிஸ்கைத் திறந்துதான் ஆக வேண்டும். அதைத் தூசி வடிகட்டிய தனி அறையில், அல்லது அப்படிப்பட்ட காற்றுப் பெட்டிக்குள் திறக்க வேண்டும். மின்விசிறிக்குக் கீழே மேஜையில் வைத்து ஸ்குரூ டிரைவரை எடுப்பவரைக் கண்டால், "அண்ணா, இருங்க" என்று டிஸ்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். திறந்து எடுக்கும் வேலைக்கு அதே மாடல் டிஸ்க் இன்னொன்று வாங்கி அதன் ஹெட்டை எடுத்துப் பொருத்துவார்கள். அதனால்தான் செலவு பல மடங்கு ஆகிறது. கூலியை முன்பே பேசுங்கள். படம் கிடைக்காவிட்டால் எவ்வளவு தர வேண்டும் என்பதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். டிஸ்கின் சீரியல் எண்ணும் ரசீதில் இருக்கட்டும். மீட்ட படங்களை வாங்க வேறு டிஸ்க் கொண்டுபோங்கள். வேலை முடிந்ததும் கடையில் உள்ள நகலை அழிக்கச் சொல்லுங்கள். வீட்டுப் பெண்களின் படங்கள், வங்கிக் காகிதங்கள் எல்லாம் அதில் இருக்கும். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2022 செப்டம்பரில் பெங்களூருவிலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. நனைந்த டிஸ்கை வெயிலில் காயவைக்கவே எல்லோருக்கும் கை பரபரக்கும். அது தவறு. காய்ந்தால் சேறும் உப்பும் தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, மின்சாரம் கொடுக்காமல், சீக்கிரம் மீட்பவரிடம் சேர்க்க வேண்டும்.

சில சமயம் படம் நன்றாக இருக்கும், படிக்கும் மெஷின்தான் இருக்காது. 1966இல் அமெரிக்கர்கள் நிலாவைச் சுற்றி எடுத்த படங்கள் பெரிய நாடாக்களில் இருந்தன. அவற்றை ஓட்டும் மெஷின்கள் வழக்கொழிந்தன. நான்சி எவன்ஸ் என்ற நாசா அலுவலர் கழித்துக்கட்டிய மெஷின்களை வாங்கித் தம் வீட்டுக் கார் கொட்டகையில் பல ஆண்டு வைத்திருந்தார். அவற்றைப் பழுது பார்த்து, நிலாவுக்கு அருகிலிருந்து எடுத்த பூமியின் படத்தை 2008இல் முன்னைவிடத் தெளிவாக எடுத்தார்கள். நம் வீடுகளில் கல்யாண வீடியோ கேசட்டுகளும் சி.டி.க்களும் அந்த நிலையில்தான் இருக்கின்றன. ஓட்டும் மெஷின் வைத்திருக்கும் கடைகள் இன்னும் சில இருக்கின்றன. இருக்கும்போதே மாற்றிக்கொள்வது நல்லது.

படங்களுக்கு மூன்று நகல் வேண்டும் என்பது இத்தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் வழக்கம். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனி டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. பொங்கலுக்கு வீடு கழுவும்போது டிஸ்கையும் ஒரு தரம் சொருகிப் படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்துவிடலாம். முக்கியமான பத்துப் பதினைந்து படங்களை லேபில் கொடுத்து அச்சடித்தும் வைக்கலாம். வீட்டுப் பெரியவர்களை ஆளுக்கு ஒரு படம் தனியாக, முகம் நிறைய, இப்போதே எடுத்துவிட வேண்டும். "எனக்கெதுக்குப்பா போட்டோ" என்பார்கள். அதையும் மீறி எடுங்கள்.

அச்சிட்ட படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் முகத்தில் தழும்பு விழும். மென்மையான பென்சிலால் ஓரமாக எழுதுங்கள். பெயர், ஊர், ஆண்டு மூன்றும் போதும்.